வேலைத்தளத்தில் ஆளறிந்து கதைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் ஹோட்டல், தொழிற்சாலை, வைத்தியசாலை, அரச அலுவலகம், வங்கி போன்ற இடங்களில் வேலை செய்வோருக்கு எழும் கேள்விகளை வைத்து இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. உதாரணங்களில் வரும் ஆட்கள் விளக்கத்துக்காகச் சொல்லப்படுபவர்கள்.

நடத்தைப் பாணி என்று எதைச் சொல்கிறீர்கள்?

கண்ணுக்கும் காதுக்கும் எட்டுவதை மட்டும். ஒருவர் எவ்வளவு வேகமாகக் கதைக்கிறார், கேட்டவுடன் பதில் சொல்கிறாரா யோசித்துச் சொல்கிறாரா, வேலையில் இருந்து பேச்சைத் தொடங்குகிறாரா, சுகம் விசாரித்துத் தொடங்குகிறாரா, “இதைச் செய்யுங்கோ” என்கிறாரா, “இப்படிச் செய்தால் என்ன” என்கிறாரா என்பவைதான் பாணி. அவர் நல்லவரா, கெட்டிக்காரரா, நேர்மையானவரா என்பது இதில் சேராது. சத்தமாகக் கதைப்பவருக்குக் கோபம் என்றும், வாய் திறக்காதவருக்கு விருப்பமில்லை என்றும் எடுத்துக்கொள்வதில் தொடங்கும் மனக்கசப்புகள் ஒவ்வொரு அலுவலகத்திலும் உண்டு. அந்த இடத்தில்தான் இந்த அறிவு உதவும். அதைத் தாண்டி இதிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

எத்தனை பாணிகள் உண்டு? யார் பிரித்தது?

பயிற்சி வகுப்புகளில் அதிகம் புழங்குவது டிஸ்க் என்ற நான்கு வகைப் பிரிப்பு. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மோல்ட்டன் மார்ஸ்டன் 1928இல் வெளியிட்ட நூலில் இதற்கான அடித்தளம் இருக்கிறது. அவர் சோதனைத்தாள் எதையும் தயாரிக்கவில்லை. இன்று விற்கப்படும் கேள்விக்கொத்துகள் பிற்பாடு வந்தவர்களின் வேலை.

இரண்டு கேள்விகளை வைத்து நான்கையும் பிரிக்கலாம். ஆள் வேகமானவரா, ஆறுதலானவரா? அவருக்கு முதலில் வருவது வேலையா, ஆட்களா? வேகமும் வேலையும் சேர்ந்தால் நேரடிப் பாணி. வேகமும் ஆட்களும் சேர்ந்தால் கலகலப்புப் பாணி. ஆறுதலாக, ஆட்களை முன்னே வைப்பது நிதானப் பாணி. ஆறுதலாக, வேலையை முன்னே வைப்பது நுணுக்கப் பாணி. ஒருவரிடம் நான்கும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். ஒன்றோ இரண்டோ தூக்கலாக இருக்கும். பெயர்களை மறந்தாலும் பாதகமில்லை, அந்த இரண்டு கேள்விகளும் நினைவில் நின்றால் போதும்.

ஒருவருடைய பாணியை எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கள் அலுவலகத்தில் பெரியவருக்கு முன்னால் எல்லாரும் ஒரே மாதிரித்தான் இருக்கிறார்கள்.

வெளிநாட்டுப் பயிற்சிக் கையேடுகள் சறுக்கும் இடம் இதுதான். இங்கே பதவி, வயது, மொழி என்ற மூன்றும் பாணியை மூடி நிற்கும். பணிப்பாளர் இருக்கும் கூட்டத்தில் பத்துப் பேரும் தலையாட்டிக்கொண்டு இருந்தால் பத்துப் பேரும் நிதானப் பாணிக்காரர் என்று அர்த்தமில்லை. அது மரியாதை, சில வேளைகளில் பயம். அதேபோல், ஐம்பது வயது அலுவலக உதவியாளர் இருபத்தாறு வயது உத்தியோகத்தரிடம் “இதை இப்படித்தான் செய்யிறது, தங்கச்சி” என்று சொன்னால் அவர் நேரடிப் பாணிக்காரர் என்றும் ஆகாது. வயது கதைக்கிறது.

ஆகவே மேலதிகாரிக்கு முன்னால் பார்த்ததைக் கணக்கில் எடுக்காதீர்கள். வேறு மூன்று இடங்களில் பாருங்கள்.

முதலாவது, தேத்தண்ணி நேரத்தில் தன்னோடு ஒத்தவர்களுடன் எப்படி இருக்கிறார் என்பது. பேச்சை யார் தொடங்குகிறார், யார் இடைமறிக்கிறார், யார் கடைசிவரை கேட்டுவிட்டு ஒரு வசனம் சொல்கிறார் என்பதெல்லாம் அங்கே வெளிப்படும்.

இரண்டாவது, எழுத்து. “ஓகே, செய்யுங்கோ” என்று அனுப்புகிறவரும், அதே விடயத்துக்கு இலக்கமிட்டு ஆறு குறிப்புகள் எழுதுகிறவரும் வேறு வேறு ஆட்கள்.

மூன்றாவது, சின்னத் தடங்கல். பிரிண்டர் நின்றுவிட்டது, வாகனம் வரவில்லை. ஒருவர் உடனே யாருக்காவது கோல் எடுப்பார். ஒருவர் பகிடி விடுவார். ஒருவர் பேசாமல் இருந்து சமாளிப்பார். ஒருவர் ஏன் நின்றது என்று மூடியைத் திறந்து பார்ப்பார்.

மொழியையும் கவனிக்க வேண்டும். இரண்டாம் மொழியில் கதைப்பவர் எல்லாரும் ஆறுதலானவராகவே தெரிவார்கள். சிங்களத்தில் நடக்கும் கூட்டத்தில் ஒரு மூலையில் பேசாமல் இருக்கும் தமிழ் ஊழியர், வெளியே வந்து தமிழில் பிரித்து மேய்வார். தமிழ்க் கூட்டத்தில் இருக்கும் சிங்கள ஊழியருக்கும் அதே கதைதான். ஒருவரை அவருடைய சொந்த மொழியில் கேட்காமல் பாணியைத் தீர்மானிக்க வேண்டாம்.

இரண்டு வாரமாவது பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். வந்த முடிவையும் யாரிடமும் சொல்லாதீர்கள். “அவர் அந்த டைப்” என்று ஒரு தடவை வெளியில் வந்துவிட்டால், பிறகு அந்த ஆள் என்ன செய்தாலும் அந்தப் பெட்டிக்குள் போட்டுத்தான் பார்ப்பார்கள்.

என் மேலாளர் நேரடிப் பாணி. பாதி சொல்லும்போதே “விஷயத்துக்கு வாங்கோ” என்கிறார். என்ன செய்வது?

நடந்ததை நடந்த ஒழுங்கில் சொல்வதை விடுங்கள். நம்மவருக்கு இது இலேசாக வராது. தொடக்கத்தில் இருந்து சொன்னால்தான் நியாயம் விளங்கும் என்று நினைப்போம். அவருக்கோ முடிவு முதலில் வேண்டும்.

உப்புவெளியில் ஒரு ஹோட்டல், ஜூலை மாதம், அறைகள் நிரம்பியிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெனரேட்டர் பழுது. வழமையான செய்தி இப்படி இருக்கும்: “சேர், நேற்று இரவு கரண்ட் போனது. ஜெனரேட்டரைப் போட்டோம், கொஞ்ச நேரம் ஓடினது, பிறகு சூடேறி நின்றுவிட்டது. டெக்னீசியனுக்கு எடுத்தோம், அவர் கந்தளாயில் நிற்கிறாராம்...” மேலாளர் இதற்குள் பொறுமை இழந்திருப்பார்.

அதே விடயம் நான்கு வரியில்: “சேர், ஜெனரேட்டர் இன்று இரவு ஓடாது. ஒன்று வாடகைக்கு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கரண்ட் போனால் ஏசி இல்லை என்று விருந்தினருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். வாடகைக்கு எடுப்பதுதான் சரி என்று நினைக்கிறேன். 2 மணிக்கு முன் சொன்னால் 6 மணிக்குள் கொண்டுவரலாம்.”

நிலைமை, தெரிவுகள், உங்கள் பரிந்துரை, முடிவு வேண்டிய நேரம். இந்த ஒழுங்கு தவறக்கூடாது. பலர் மூன்றாவதை விட்டுவிடுகிறார்கள், “நான் எப்படிச் சேருக்குச் சொல்லுறது” என்ற கூச்சத்தில். பரிந்துரை இல்லாமல் போனால், யோசிக்கும் வேலையையும் தன்னிடமே கொண்டுவருகிறார்கள் என்று அவர் எடுத்துக்கொள்வார். “சேர் சொல்லுறபடி செய்யலாம், என்ர எண்ணம் இது” என்று மரியாதையைக் கூடவே வைத்துச் சொல்லலாம். அதனால் எதுவும் கெடாது.

அவருடைய குரலைச் சொந்தத் தாக்குதலாக எடுக்காமல் இருப்பது இரண்டாம் பாடம். ஆனால் ஏச்சும் தூஷணமும் பாணியல்ல. அதை “அவர் அப்படித்தான்” என்று மூடிவிடக்கூடாது.

கலகலப்பானவருடன்?

முதல் இரண்டு நிமிடம் அவருடைய கதையைக் கேளுங்கள், பிறகு விடயத்துக்கு வாருங்கள். அவர் வாயால் ஒப்புக்கொள்வதை எல்லாம் மனதாரத்தான் ஒப்புக்கொள்கிறார், ஆனால் மறந்துவிடுவார். பிரிந்த பத்து நிமிடத்துக்குள் ஒரு வரி அனுப்புங்கள்: “கதைச்சபடி, படகுகளுக்கான லைஃப் ஜக்கெட் 20ஐயும் வியாழன் பின்னேரத்துக்குள் நீங்கள் எடுத்துத் தாறீங்கள்.” ஆள், வேலை, நாள் மூன்றும் அதில் இருக்க வேண்டும். பலருக்கு முன்னால் பாராட்டினால் மலர்வார். பலருக்கு முன்னால் திருத்தினால் உங்களை நெடுநாள் மறக்கமாட்டார்.

ஷிப்ட் நேரத்தை மாற்றப் போகிறோம் என்று சொன்னபோது எல்லாரும் “ஓம்” என்றார்கள். அடுத்த வாரம் பாதிப்பேர் லீவு. ஏன்?

நிதானப் பாணிக்காரர்களிடம் திடீரென்று, அதுவும் கூட்டத்தில் வைத்துக் கேட்டிருக்கிறீர்கள். எல்லாருக்கும் முன்னால் மறுத்து உங்களை அவமானப்படுத்த அவர்கள் விரும்பவில்லை. கேட்டுக்கொண்டோம் என்று தலையாட்டினார்கள். நீங்கள் அதைச் சம்மதம் என்று குறித்துக்கொண்டீர்கள்.

சீனன்குடாப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் காலை ஷிப்ட் 7 மணியில் இருந்து 6 மணிக்கு மாறுகிறது என்று எடுத்துக்கொள்வோம். ஒரு மணித்தியாலம் முகாமைக்குச் சின்ன விடயம். மூதூரில் இருந்தோ கிண்ணியாவில் இருந்தோ வருகிறவருக்கு அது முதல் பஸ்ஸைப் பிடிப்பதா விடுவதா என்ற பிரச்சினை. பிள்ளையைப் பாடசாலையில் விடும் தாய்க்கு வீட்டு ஒழுங்கு முழுவதும் மாறுகிறது.

செய்யும் முறை இது. மாற்றத்துக்குக் குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன் தொடங்குங்கள். கூட்டத்துக்கு முன்னர், மற்றவர்கள் காது கொடுக்கும் மூத்த ஊழியர் இரண்டு மூன்று பேரிடம் தனித்தனியாகச் சொல்லுங்கள். ஏன் மாறுகிறது என்பதைச் சொல்லுங்கள். எது மாறாது என்பதையும் சொல்லுங்கள்: ஓவர்டைம் கணக்கு அப்படியே, வார லீவு நாள் அப்படியே, சுப்பவைசர் அவர்தான். நிதானப் பாணிக்காரருக்கு இந்த இரண்டாவது பட்டியல்தான் நெஞ்சில் தண்ணீர் வார்க்கும்; முகாமையாளர்கள் மறப்பதும் அதைத்தான்.

பிறகு இரண்டு நாள் விடுங்கள். திரும்பக் கேட்கும்போது “ஏதும் பிரச்சினையா?” என்று கேட்காதீர்கள். “இல்லை” என்ற பதில் தயாராக இருக்கும். “ஆறு மணிக்கு வந்து சேர எந்த பஸ் எடுப்பீங்கள்?”, “பிள்ளையை யார் கொண்டுபோய் விடுவினம்?” என்று வேலை நடக்கும் விதத்தைக் கேளுங்கள். அப்போது உள்ளதைச் சொல்வார்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தோடு புதிய ஷிப்டின் இடைவேளை மோதுகிறதா என்பதையும் அந்தக் கட்டத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

கணக்காளர் எந்தப் பைலையும் ஒரே தடவையில் பாஸ் பண்ணுவதில்லை. வேண்டுமென்று இழுத்தடிக்கிறாரா?

பெரும்பாலும் இல்லை. நுணுக்கப் பாணிக்காரரின் பயம் ஒன்றுதான்: தான் கையெழுத்து வைத்த ஒன்று பிழையாகிவிடுவது. அரச அலுவலகமாக இருந்தால் கணக்காய்வு ஐயவினா அவருடைய பெயருக்குத்தான் வரும். “சேர், அவசரம்” என்று தலைக்கு மேல் போய் நின்றால் அவருக்குச் சந்தேகம்தான் கூடும்.

பைலை அவர் வாசிக்கும் ஒழுங்கில் அடுக்குங்கள்: கோரிக்கை, அனுமதி, விலைமனுக்கள், ஒப்பீட்டுத் தாள், பொருள் பெற்றதற்கான பற்றுச்சீட்டு, விலைப்பட்டியல். தொகைகள் எல்லாத் தாளிலும் சதம் வரை ஒத்துப்போகிறதா என்று நீங்களே முதலில் பாருங்கள். முதல் தடவை திருப்பி அனுப்பும்போது, “இதோடு சேர்த்து வேறு என்ன குறைவு என்று முழுவதையும் குறித்துத் தாங்கோ, ஒரேயடியாகச் சரிபார்த்துக் கொண்டுவாறன்” என்று கேளுங்கள். ஒன்று ஒன்றாகத் திருப்பும் வழக்கம் பல இடங்களில் இந்தக் கேள்வியோடு நின்றுவிடும்.

அவர் கேட்டதற்குப் பதில் தெரியாவிட்டால் ஊகித்துச் சொல்லாதீர்கள். “தெரியாது, நாளைக்கு 10 மணிக்கு முன் பார்த்துச் சொல்லுறன்” என்பது அவரிடம் மதிப்பைக் கூட்டும். ஊகம் ஒரு தடவை பிழைத்தால் அதற்குப் பிறகு உங்கள் பைல் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பார்ப்பார்.

எந்த இருவருக்கு இடையில் அதிகம் மோதல் வரும்?

கலகலப்பும் நுணுக்கமும். ஒருவர் “கிட்டத்தட்ட அம்பது பேர் வருவினம்” என்பார், மற்றவர் “நாற்பத்தெட்டா, ஐம்பத்திரண்டா?” என்பார். சமையலறைக்கு எண்ணிக்கை வேண்டும், ஆகவே இந்த விடயத்தில் நுணுக்கக்காரர் சரி. சுற்றுலா முகவரோடு உறவைக் கட்டும் விடயத்தில் மற்றவர் சரி. யாருக்கு எந்த முடிவு என்று முன்கூட்டியே பிரித்துவிட்டால் சண்டை குறையும்.

நேரடியும் நிதானமும் மோதுவது வெளியே தெரியாது, ஏனென்றால் ஒருவர்தான் கதைக்கிறார். இடமாற்ற விண்ணப்பம் வரும்போதுதான் தெரியவரும். இரண்டு நேரடிக்காரர் சேர்ந்தால் சத்தம் பெரிது, முடிவு விரைவு. இரண்டு நுணுக்கக்காரர் சேர்ந்தால் வேலை சுத்தம், திகதி மட்டும் தப்பிவிடும்.

அழுத்தம் வரும்போது பாணி மாறுமா?

மாறுவதைவிடத் தடிக்கும் என்பதே பொருத்தம். நேரடிக்காரர் கட்டளையிடத் தொடங்குவார். கலகலப்புக்காரர் செய்ய முடியாததற்கும் வாக்குக் கொடுப்பார். நிதானக்காரர் எல்லாவற்றுக்கும் இணங்கி உள்ளே விழுங்குவார். நுணுக்கக்காரர் “கடிதமாகத் தாங்கோ” என்பார். சீசன் நடுவில் அல்லது வருட முடிவுக் கணக்கு நேரத்தில் ஒருவரை முதன்முதலில் சந்தித்தால் இந்தத் தடித்த முகத்தைத்தான் பார்க்கிறீர்கள்.

உயிரோடு சம்பந்தப்பட்ட வேலையிலும் ஆளுக்கு ஏற்றபடி கதைப்பதா?

இல்லை. அங்கே எல்லாரும் ஒரே வடிவத்தில் கதைக்க வேண்டும். கிரேனுக்குக் கீழேயும் வாட்டிலும் ஆளின் பாணியைப் பார்க்க நேரமில்லை, பார்க்கவும் கூடாது.

வைத்தியசாலைகளில் பல நாடுகளில் கையாளப்படும் ஒழுங்கு ஒன்று அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிப் பிரிவில் இருந்து வந்தது. நான்கு பகுதி: இப்போதைய நிலை, பின்னணி, என் மதிப்பீடு, எனக்கு வேண்டியது. இரவில் தாதி வைத்தியருக்குத் தொலைபேசி எடுக்கும்போது: “சேர், 7ஆம் கட்டில் நோயாளியின் பிரஷர் 80க்கு 50. இன்று காலை வயிற்றுச் சத்திரசிகிச்சை. உள்ளே இரத்தம் போகுதோ என்று யோசிக்கிறன். நீங்கள் இப்ப வந்து பார்க்க வேண்டும்.” கூச்ச சுபாவமுள்ள இளம் தாதிக்கும் இந்த வடிவம் துணை நிற்கும், மூன்றாம் நான்காம் பகுதிகளைச் சொல்லாமல் விட முடியாதபடி அது கட்டிவைக்கிறது. தொலைபேசியில் மருந்து சொல்லப்பட்டால், கேட்டவர் அதன் பெயரையும் அளவையும் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் “சரி” என்று உறுதிசெய்ய வேண்டும். இந்தத் திருப்பிச் சொல்லலைப் படகு, கிரேன், மின்சார வேலை எல்லாவற்றிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழும் சிங்களமும் கலந்த கூட்டங்களில் என்ன கவனிக்க வேண்டும்?

மொழிபெயர்ப்பவர் பாணியையும் மாற்றிவிடுகிறார் என்பதை. மேலாளரின் கடுமையான கட்டளை, நடுவில் நிற்கும் நல்ல மனசுக்காரர் வாயில் பணிவான வேண்டுகோளாகிவிடும். கேட்டவர் “ஏலுமென்றால் செய்யச் சொன்னவர்” என்று போய்விடுவார். எதிர்ப்பக்கமும் நடக்கும். அதனால் திகதி, அளவு, பொறுப்பு மூன்றையும் பலகையில் எழுதிக் காட்டுங்கள். இலக்கத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். விவாதப்பொருள் பட்டியலை முதல் நாளே இரண்டு மொழியிலும் கொடுத்தால் யோசித்துக் கதைப்பவர்கள் தயாராக வருவார்கள். கேள்வி கேட்டபின் ஐந்து வினாடி பொறுங்கள். ஒருவரைக் கண்டிப்பதற்கு அவருடைய சக ஊழியரை மொழிபெயர்ப்பாளராக நிறுத்தாதீர்கள். அது இரண்டு பேரையும் கெடுக்கும்.

வட்ஸ்அப்பில் குறை சொல்லலாமா?

குழுவில் கூடாது, எந்தப் பாணிக்காரருக்கும். தனிச் செய்தியிலும் “பிறகு ஒரு பத்து நிமிடம் கதைப்பமா, நேற்றைய ஸ்டொக் விஷயம்” என்ற அளவு போதும். விஷயம் என்னவென்று சொல்லாமல் “கதைக்க வேணும்” என்று மட்டும் அனுப்பினால் நிதானக்காரருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

இணையத்தில் உள்ள சோதனைகள் சரியா? ஆட்சேர்ப்புக்குப் பயன்படுத்தலாமா?

கதையைத் தொடங்கப் பயன்படும். ஆட்சேர்ப்புக்கு வேண்டாம். பல டிஸ்க் தாள்கள் நான்கு சொல்லில் உங்களுக்கு மிகப் பொருந்துவதையும் பொருந்தாததையும் தெரிவுசெய்யச் சொல்கின்றன. அதில் கிடைப்பது உங்களுக்குள் எது கூட, எது குறைய என்பதுதான். இரண்டு விண்ணப்பதாரரை ஒப்பிட அது உதவாது. வேலையின் ஒரு மாதிரியைச் செய்துகாட்டச் சொல்வதும், எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கும் நேர்முகமும் இதைவிட நம்பகமானவை.

“அப்படியே என்னைச் சொல்லியிருக்குது” என்ற வியப்பையும் ஆதாரமாக எடுக்காதீர்கள். பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர்களுக்குச் சோதனை வைத்து, அதன் முடிவென்று ஒரு குணவிவரணத்தைக் கொடுத்தார். 5க்கு 4க்கு மேல் சராசரிப் புள்ளியிட்டு, தமக்கு நன்றாகப் பொருந்துகிறது என்றார்கள். கொடுத்தது எல்லாருக்கும் ஒரே தாள், வசனங்கள் சோதிடப் புத்தகத்தில் இருந்து எடுத்தவை. 1949இல் அவர் இதை வெளியிட்டார்.

ஆளுக்கு ஆள் மாற்றிக் கதைப்பது நடிப்பு இல்லையா?

சொல்லும் விடயத்தை மாற்றினால் நடிப்பு, பொய்யும்கூட. ஒழுங்கையும் வேகத்தையும் மாற்றுவதில் அப்படி எதுவும் இல்லை. அம்மம்மாவுடன் கதைப்பதுபோல் யாரும் பொலிஸ் நிலையத்தில் கதைப்பதில்லை.

ஆனால் ஒரு நியாயமான குறை இதில் உண்டு. மாற்றிக்கொள்வது எப்போதும் கீழே உள்ளவர்தான் என்று ஆகிவிடுகிறது. எங்கள் கணிப்பில் இது தலைகீழாக இருக்க வேண்டும். அதிகாரம் உள்ளவருக்கு மாறுவதால் வரும் நட்டம் குறைவு.

புதிய அதிகாரி இடமாற்றத்தில் வந்திருக்கிறார். இரண்டு வாரம் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை.

நேரே கேளுங்கள். முதல் வாரத்தில், அவர் ஆறுதலாக இருக்கும் ஒரு நேரம் பார்த்து மூன்று கேள்வி: “சேருக்கு விஷயத்தை எழுதித் தாறதா, வாயால சொல்லுறதா?”, “அவசரம் என்றால் போன் எடுக்கலாமா, எத்தனை மணி வரைக்கும்?”, “எந்த விஷயங்களை உங்களைக் கேட்காமல் முடிக்கலாம், எதைக் கட்டாயம் கேட்க வேணும்?” அதிகாரி பெண்ணாக இருந்தால் மிஸ், மேடம் எது அந்த அலுவலக வழக்கமோ அது. மூன்றாவது கேள்விக்கு உடனே பதில் வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம். கடந்த மாதத்துப் பைல்களில் ஐந்தை எடுத்துக்கொண்டு போய், “இப்படியானவற்றை என்ன செய்வம்?” என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பதில்களை அன்றே குறித்து வையுங்கள், அடுத்த இடமாற்றம் வரை அவை செல்லும்.